சிறப்பு விருந்தினர் மரம் தள்ளுவாரா?

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் நறுமுகை அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். "இருந்தது வேண்டாம், எழுதிக்கொண்டிருந்தது என்று போடுங்கள்" என்பாள். சரி, அவள் இஷ்டப்படியே ஆகட்டும். ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி எழுதிக்கொண்டிருந்தது. இளம் முள்ளம்பன்றி. நறுமுகை என்பது பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். முள்ளெல்லாம் பிறகுதான் வந்தது.

எழுதுகோல் வாங்க அவள் எங்கும் போக வேண்டியதில்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு எழுதுவாள். பிடுங்கும்போது சுருக்கென்று வலிக்கும். அந்த வலியைப் பற்றித் தன் முதல் புத்தகத்தின் முன்னுரையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். புத்தகத்தைவிட முன்னுரை நன்றாக இருக்கிறது என்று ஒரு மரங்கொத்தி விமர்சனம் செய்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள் பாவம்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஓடை. கோடையில் கணுக்கால் நனைகிற அளவுதான் தண்ணீர் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் யமன். பள்ளிக்கூடம் இக்கரையில் இருந்தது. சருகுமான்கள் குடியிருந்தது அக்கரையில். சருகுமான் பார்த்திருக்கிறீர்களா? முயலைவிட ஒரு சுற்றுப் பெரிசு, கால் நாலும் குச்சி குச்சியாக இருக்கும், யாராவது சொன்னால்தான் மான் என்றே தெரியும். அந்தக் கூட்டத்தில் பவுனு என்று ஒரு சிறு பெண். போன மழையில் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. நீர்நாய் ஒன்று குதித்து, பிடரியைக் கவ்வி இழுத்துக் கரையில் போட்டதால் பிழைத்தாள்.

அவளுடைய அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அடுத்த மழைக்குள்ள பாலம் வந்துச்சுன்னா பள்ளிக்கூடம் போ. வரலைன்னா கரடி முதலாளியோட கொட்டகையில தேனடை பிழியப் போயிடு. படிப்பு இல்லாட்டிப் பரவால்ல, உசிரோட இரு." அவரைத் திட்ட முடியாது. பிள்ளை தண்ணீரில் போனதைக் கண்ணால் பார்த்தவர் வேறென்ன சொல்வார்?

பாலம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இக்கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று ஓடைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் போதும், தலை அக்கரையைத் தொட்டுவிடும். பாலம் ரெடி. காட்டெருமைகளைக் கேட்டார்கள். "தாராளமாத் தள்ளலாம். கூலி நெல்லிக்காய். கூடை கூடையா வேணும்" என்றன அவை. சருகுமான்கள் நெல்லிக்காய்க்கு எங்கே போகும்?

இந்தச் செய்தி நறுமுகையின் காதுக்கு வந்தது. "எனக்குள்ளே என்னவோ உடைஞ்சு போச்சு" என்று அன்றைக்குப் பார்த்த எல்லோரிடமும் சொன்னாள். பார்க்காதவர்களிடம் தேடிப்போய்ச் சொன்னாள். பிறகு வளைக்குள் புகுந்து, முள் முள்ளாகப் பிடுங்கி, ஒரு புத்தகத்தை எழுதி முடித்தாள். பெயர், 'நனைந்த குளம்புகளின் குரல்'. அட்டையின் மேலே அவள் படம். கீழே பொடி எழுத்தில், 'விற்பனைத் தொகை முழுதும் பாலத்துக்கே'. கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காடே மூக்கைச் சிந்தியது. ஒரு கழுதைப்புலிகூட அழுததாகச் சொன்னார்கள். அது சிரித்ததா அழுததா என்று யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

நல்லதுதான் செய்தாள், அதில் குறையே சொல்ல முடியாது. அதோடு விட்டிருந்தால் புத்தகம் விற்ற நெல்லிக்காயைக் காட்டெருமைகளிடம் கொடுத்துவிட்டு, மரத்தைத் தள்ளச் சொல்லி, கதையும் இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து இளவரசு அண்ணன் வந்து சேர்ந்தார்.

இளவரசு ஓர் ஆமை. அனைத்து வன இளையோர் பேரவையின் தலைவர். அவர் தலைவரானபோது இருந்த இளையோரெல்லாம் கிழடு தட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் அப்படியே இருந்தார். யாராவது வாய் தவறி "தாத்தா" என்றால் போச்சு. "எங்க ஆமைக் கணக்குக்கு எனக்கு இப்பத்தான் மீசையே அரும்புது. அண்ணன்னு கூப்பிடு" என்பார். அவர் நாலு எட்டு நடந்து வருவதற்குள் எதிரே நிற்பவர்களுக்குக் கால் கடுத்துவிடும். பேச்சு மட்டும் ரயில் வேகம்.

"தங்கச்சி, புத்தகம் படிச்சேன். தூங்கலை. ஆனா இப்படி வளையில உக்காந்து வித்தா எத்தனை பிரதி போகும்? ஒரு விழா எடுப்போம். நிதியளிப்பு விழா. நம்ம பேரவை எடுக்கும். நீதான் இளையோர் குரல்."

"நானா அண்ணே?" என்று கேட்டாள் நறுமுகை. கேட்கும்போதே முதுகில் முள்ளெல்லாம் குஷியில் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அதை மறைக்க அவளுக்கு வழியே இல்லை. மற்றவர்கள் சந்தோஷத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம், முள்ளம்பன்றிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

"நீயேதான். சிறப்பு விருந்தினரா வேழமுத்து ஐயாவைக் கூப்பிடுவோம்."

வேழமுத்து ஐயா அந்தக் காட்டிலேயே பெரிய யானை. அவர் முதுகு சொறிந்தாலே ஒரு பலா மரம் பொலபொலவென்று காயை உதிர்க்கும்.

விழா ஜாம்ஜாமென்று நடந்தது. ஓடைக்கரையிலேயே மேடை, அந்த மருதமரத்தில்தான் பிளெக்ஸ் கட்டினார்கள். குரங்கு மைக்செட் வைத்து விடியற்காலையிலிருந்து "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று காட்டை உயிரோடு வதைத்தது. வரவேற்புரை ஆனது, தலைமையுரை ஆனது, முன்னிலை உரை, வாழ்த்துரை, மறுபடியும் யாரோ ஒரு வாழ்த்துரை. நறுமுகைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முள்ளில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போனதால், அடுத்த பொன்னாடையை அதற்கு மேலேயே போர்த்தினார்கள். வீட்டுக்குப் போகும்போது அவள் துணி காயப்போட்ட கொடி மாதிரி இருந்தாள்.

பவுனுவை மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். "இந்தப் பிஞ்சு முகத்தைப் பாருங்கள்!" என்றார் இளவரசு அண்ணன். கூட்டம் பார்த்தது. பவுனுவும் கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பசி. பின்னால் பொட்டலம் கட்டி வைத்திருந்த அவித்த கிழங்கு வாசனை மூக்கைத் துளைத்தது.

"கொஞ்சம் அழு கண்ணு, போட்டோ எடுக்கிறாங்க" என்று காதில் சொன்னாள் நறுமுகை.

"எதுக்கு அக்கா? இப்ப ஒண்ணும் வலிக்கலையே."

வேழமுத்து ஐயா கடைசியாக எழுந்தார். "இன்றைய இளைஞர்கள் கையில் செல்போனை வைத்துக்கொண்டு சீரழிகிறார்கள்" என்று ஆரம்பித்தார். கையே இல்லாத பாம்புக் குட்டிகள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டின. "நான் குட்டியாக இருந்த காலத்தில் எந்தப் பாலமும் கிடையாது. இதே ஓடையை, கொட்டுகிற மழையில், நடந்தேதான் கடந்து போனேன். மனம் இருந்தால் போதும்!" என்றார். பலத்த கைதட்டல். நறுமுகையும் தட்டினாள். தட்டின பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று யோசித்தாள்.

விழா முடிந்து கணக்குப் பார்த்தார்கள். மேடை, பிளெக்ஸ், மைக்செட், ஐயா வந்துபோனதற்குக் கரும்பு, அவர் கூட வந்தவர்களுக்குக் கரும்பு. மிச்சம் ஒரு கை நெல்லிக்காய் நின்றது.

"கவலைப்படாதே தங்கச்சி. அடுத்த விழாவுல தேத்திடலாம்" என்றார் இளவரசு அண்ணன்.

அன்றைக்குக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பவுனு கிழங்கைத் தின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, அந்த யானை மாமா இவ்வளவு நேரம் அந்த மரத்துக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு?"

"ஆமா."

"அவரே ஒரு தள்ளு தள்ளியிருக்கலாமே?"

நறுமுகை பதறிப்போனாள். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "ச்சூ! அப்படியெல்லாம் பேசக்கூடாது. அவர் சிறப்பு விருந்தினர். சிறப்பு விருந்தினரைப் போய் மரம் தள்ளச் சொல்றதா? என்ன நினைப்பாரு? அடுத்த விழாவுக்கு வருவாரா?"

"சிறப்பு விருந்தினர்னா என்ன வேலை அக்கா?"

"வர்றதுதான் வேலை."

சொன்னபோது அவளுக்கு அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது. காட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். மூக்கு முட்டச் சாப்பாடு போட்டு, மாலை போட்டு, நடு நாற்காலியில் உட்காரவைத்தவரிடம் "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து தோள் கொடுங்க" என்று எந்த ஊரில் கேட்பார்கள்?

அதற்கப்புறம் விழா மேல் விழா. இரண்டாம் பதிப்பு வெளியீட்டு விழா. முதல் விழாவை வெற்றிகரமாக நடத்தியவர்களுக்குப் பாராட்டு விழா. இளையோர் உரிமை மாநாடு என்று ஒன்று நடந்தது பாருங்கள், அதில் பேசியவர்களில் நறுமுகையை விட்டால் இளவரசு அண்ணன்தான் இளையவர்! குட்டிகளையெல்லாம் பின்னால் உட்காரவைத்து, நேரம் இருந்தால் பேசலாம் என்றார்கள். நேரம் இல்லை. நறுமுகைக்கு மட்டும் ஒவ்வொரு மேடையிலும் 'இளையோர் சார்பில்' என்று சொல்லி மைக் கிடைத்தது. கிடைத்த மைக்கை அவள் விடவும் இல்லை. "குரலற்றவர்களின் குரலாக நான் நிற்கிறேன்" என்பாள். குரலற்றவள் என்று அவள் கையைக் காட்டிய பவுனு, பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கொட்டாவி விடுவாள்.

ஒவ்வொரு விழாவுக்கும் ஐயா வந்தார், கரும்பும் போனது. மருதமரத்தில் பழைய பிளெக்ஸைக் கிழித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள்.

ஒருநாள் மேற்கே மேகம் கறுத்தது. பவுனு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, அப்பா கரடி முதலாளிகிட்ட வாக்குக் கொடுத்துட்டாரு. முதல் மழை விழுந்ததும் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஆரம்பிச்சேன்." அவ்வளவு நாள் எந்த போட்டோவுக்கும் அழாதவள் அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதாள். போட்டோ எடுக்க அங்கே யாரும் இல்லை.

 நறுமுகைக்கு முதல்முறையாகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை மேடை ஏறி என்ன கிழித்தோம் என்று நினைத்தாள். "இரு. நானே போய் ஐயாகிட்ட நேரா கேட்டுடறேன். வர்றது வரட்டும்" என்று கிளம்பிவிட்டாள்.

வேழமுத்து ஐயா குளத்தில் பாதி முங்கி உட்கார்ந்திருந்தார். நறுமுகை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். ஐயா, அந்த மரத்தைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல எழுத்தாளராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"வாம்மா எழுத்தாளரே! என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. அந்த மருதமரம்..."

"அடடா! அந்த மரமா!" ஐயாவின் கண் கலங்கிவிட்டது. "அந்த மரத்தடியில் நின்றுதான் என் முதல் கவிதையைச் சொன்னேன். யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்கிறேன், கேள்." சொன்னார். மூங்கிலையும் காதலியையும் மாற்றி மாற்றி வர்ணித்த நீளமான கவிதை. எதைத் தின்றார், எதைப் பிரிந்தார் என்று கடைசிவரை விளங்கவில்லை.

"எப்படி?"

"அற்புதம் ஐயா" என்றாள் நறுமுகை. அவள் வாய் அவள் பேச்சைக் கேட்பதில்லை. "இதையெல்லாம் நீங்க உள்ளேயே பூட்டி வெச்சிருக்கக் கூடாது."

"அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். என் வாழ்க்கையை யாராவது எழுதினால் இளைஞர்களுக்குப் பயன்படும். எழுதத் தெரிந்தவர்கள்தான் அமையவில்லை."

திரும்பும் வழியில் ஒரு புதர் ஓரம் பவுனு காத்துக்கொண்டிருந்தாள். "கேட்டீங்களா அக்கா?"

"பேசினேன்."

"தள்ளறேன்னாரா?"

நறுமுகை தரையைப் பார்த்தாள். "அவரோட வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பவுனு திரும்பி ஓடைப் பக்கமாக நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நறுமுகைக்கு. இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட ஜென்மம் உண்டா என்று வீடுவரை தன்னைத் தானே வைதுகொண்டு போனாள். வைதபோதும் வரலாற்றுக்கு நல்ல தலைப்பு ஒன்று மனசில் ஓடியது. அதற்கும் சேர்த்து இன்னொரு முறை வைதுகொண்டாள்.

இளவரசு அண்ணனிடம் ஓடினாள். "அண்ணே, மழை வரப்போகுது. இருக்கிற நெல்லிக்காயைக் காட்டெருமைங்ககிட்ட கொடுத்து, மிச்சத்துக்குக் கெஞ்சிப் பாப்போம்."

"அவசரப்படாதே. அடிக்கல் நாட்டிடலாம்."

"மரத்தைத் தள்றதுக்கு எதுக்கு அண்ணே அடிக்கல்?"

"அடிக்கல் இல்லாம எந்தப் பாலம்மா வந்திருக்கு? ஐயா தேதி கொடுத்துட்டாரு. கல்லுல பேரெல்லாம் வெட்டியாச்சு." இருந்த நெல்லிக்காய் முழுவதும் கல் வெட்டியதில் போயிருந்தது.

அடிக்கல் நாட்டு விழா அன்று வானம் தலைக்கு மேலே கும்மென்று தொங்கியது. அக்கரையில் பவுனுவின் அப்பா நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கரடி முதலாளியின் ஆள், ஒரு நரி, மூட்டை முடிச்சோடு தயாராக உட்கார்ந்திருந்தது. இக்கரையில் வாழ்த்துரை மேல் வாழ்த்துரை. ஐயா கல்லை நட்டார். அதற்குப் பூ போட்டார்கள். பிறகு ஐயா இளைஞர்கள் சீரழிவது பற்றிப் பேசினார், குட்டிக் காலத்தில் ஓடையை நடந்தே கடந்தது பற்றிப் பேசினார், உட்கார்ந்தார்.

கடைசி நிகழ்ச்சி நன்றியுரை. நறுமுகையின் கையில் எழுதிவைத்த நன்றியுரை கத்தையாக இருந்தது. ஐயாவுக்கு மட்டும் அதில் ஒன்றரைப் பக்கம். மைக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். எதிரே, அக்கரையில், நரி எழுந்து சோம்பல் முறித்தது. முதல் தூறல் மூக்கின்மேல் விழுந்தது.

சத்தியமாக அவளுக்குப் பேச வரவில்லை.  இந்தப் பிள்ளை இன்றைக்குப் போய்விட்டால் நாளைக்கு யாரைக் காட்டிப் பேசுவாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்த நேரத்திலும் அப்படிக் கேட்ட தன் மனசை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கத்தையை அப்படியே கீழே போட்டாள். பவுனுவை இழுத்து மைக் முன்னால் நிறுத்தினாள்.

"நன்றியுரையை இவ சொல்லுவா" என்றாள்.

"நேரம் இல்லை, நேரம் இல்லை" என்று நாற்காலியிலிருந்து இளவரசு அண்ணன் கத்தினார். எழுந்துவந்து தடுக்க அவரால் ஆகாது. அவர் இறங்கி மைக்கை எட்டுவதற்குள் மழையே முடிந்துவிடும்.

பவுனு மைக்கைப் பார்த்தாள். நன்றி எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதன்படியே சொன்னாள்.

"போன மழையில என்னைத் தண்ணியிலேருந்து இழுத்துப் போட்ட நீர்நாய் அண்ணனுக்கு நன்றி. எல்லாருக்கும் குடிக்கத் தண்ணி கொண்டுவந்து கொடுத்த அணில்களுக்கு நன்றி. மைக் வெச்ச குரங்கு மாமாவுக்கு நன்றி, காலையில மட்டும் கொஞ்சம் சத்தமா இருந்துச்சு. கிழங்கு அவிச்சவங்களுக்கு நன்றி. என்னைப் பத்திப் புத்தகம் எழுதின அக்காவுக்கு நன்றி. நான் இன்னும் படிக்கலை, எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு நன்றி. இனிமே வரமாட்டேன் டீச்சர். எல்லாருக்கும் வணக்கம்."

கூட்டம் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தது. பவுனு மைக்கை விட்டு நகர்ந்துவிட்டாள்.

நடு நாற்காலி கிறீச்சிட்டது. வேழமுத்து ஐயா எழுந்து நின்றார். "என் பெயர்?" என்றார்.

 "குழந்தை, ஐயா, ஏதோ பதட்டத்துல..." என்று இழுத்தார் இளவரசு அண்ணன். தலை பாதி ஓட்டுக்குள் போயிருந்தது.

"அணிலுக்கு நன்றி! குரங்குக்கு நன்றி! கிழங்கு அவித்தவனுக்குக்கூட நன்றி! இத்தனை விழாவுக்கு வந்திருக்கிறேன், என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லையா?"

பவுனு திரும்பி வந்தாள். அவள் குரலில் ஒரு பொட்டுக் குறும்பு கிடையாது. "மாமா, ஏதாவது செஞ்சவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. இப்பவே சேத்துச் சொல்லிடறேன்."

ஐயா வாயைத் திறந்தார். தும்பிக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். என்ன செய்தார் என்று அவரும் யோசித்துத்தான் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவ்வளவுதான், வந்ததே கோபம்! அடிக்கல்லை ஓர் உதை விட்டார், அது பறந்துபோய் ஓடையில் விழுந்தது. நாற்காலியை மிதித்தார். பிளெக்ஸைக் கிழித்தார்.

"நன்றி கெட்ட காடு! இந்த மரத்தடியிலா நான் கவிதை சொன்னேன்? என் பெயர் இல்லாத இடத்தில் என் மரம் மட்டும் எதற்கு?" என்று பிளிறிக்கொண்டு, மருதமரத்தில் தலையைக் கொடுத்து ஒரே மோது மோதினார்.

மடமடவென்று சத்தம். மரம் வேரோடு சாய்ந்து, ஓடைக்கு மேலே நீட்டி விழுந்தது. கிளை அக்கரை மண்ணில் குத்தி நின்றது. நரி மூட்டையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது. ஐயா யாரையும் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டார். அதே நேரம் மழை சோவென்று பிடித்துக்கொண்டது.

பவுனு ஒரு காலை மரத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. இன்னொரு காலை வைத்தாள். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் டக்டக்கென்று நடந்து அக்கரை போனாள். அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி டக்டக்கென்று நடந்து இக்கரை வந்தாள். "அப்பா, பாலம்!" என்று கத்தினாள். அந்த மனுஷன், மன்னிக்கவும், அந்த மான், மழையில் நின்றபடி ஓவென்று அழுதது.

நறுமுகையும் அழுதாள். இதை யாரிடம் எப்படி விவரிப்பது என்று யோசிக்காமல் அவள் அழுத முதல் அழுகை அதுதான்.

மறுவாரமே இளவரசு அண்ணன் அங்கே ஐயா படம் போட்டுப் புது பிளெக்ஸ் வைத்துவிட்டார், 'தலையால் பாலம் தந்த தயாளர்' என்று. படத்தைப் பார்த்த ஐயா கோபம் தணிந்து, திறப்பு விழாவுக்கு வந்து, ஏற்கெனவே எல்லோரும் நடந்துகொண்டிருந்த மரத்தில் ரிப்பன் கட்டி வெட்டினார். ஆண்டின் சிறந்த இளைஞர் விருது இளவரசு அண்ணனுக்கே கிடைத்தது.

பவுனு ஒரு மழைக்காலம் முழுவதும் பாலத்தில் போய்வந்து நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் வேலையாக நறுமுகையின் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். முடித்துவிட்டு நேராக வளைக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, கடைசி அத்தியாயத்துல நான் செத்துப் போயிடறேனே."

நறுமுகைக்கு வேர்த்துவிட்டது. "அது கதைம்மா."

"நீர்நாய் அண்ணன் என்னை இழுத்துப் போட்டாரே. அவரை ஏன் எழுதலை?"

"அவரைப் போட்டா நீ பிழைச்சுடுவே. பிழைச்சுட்டா படிக்கிறவங்க அழமாட்டாங்க."

"அழுது என்ன பண்ணாங்க?"

நறுமுகை யோசித்தாள். அழுதார்கள், கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கிழங்கு தின்றார்கள். இவ்வளவு முள் பிடுங்கி, இவ்வளவு மேடை ஏறி அவள் செய்தது இவ்வளவுதான். காரியத்தை முடித்தது இந்தப் பிள்ளை சொல்லாமல் விட்ட ஒரு பெயர். ரொம்ப அவமானமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் வந்தது. அடுத்த பதிப்பில் நீர்நாயைச் சேர்த்தாள், பிள்ளையைப் பிழைக்கவைத்தாள். அந்தப் பதிப்பு விற்கவே இல்லை.

அதன்பிறகு ஒருநாள் தெற்குக் காட்டு முயல்கள் அவளைத் தேடி வந்தன. குட்டிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒரு குட்டை வெட்ட வேண்டும், அக்கா ஒரு புத்தகம் எழுதி நிதி திரட்டித் தர முடியுமா என்று கேட்டன. நறுமுகையின் கை பழக்கதோஷத்தில் முதுகுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையைக் கீழே இறக்கினாள்.

"உங்க பக்கம் நல்லா மண்ணு தோண்டறவங்க யாரு?" என்று கேட்டாள்.

"காட்டுப்பன்றி பெரியவர் இருக்காரு அக்கா. பெரிய மனுஷன். அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"கேக்கவே வேண்டாம். குட்டை வர வேண்டிய இடத்துல மேடை போட்டு, அவரைச் சிறப்பு விருந்தினரா உக்கார வைங்க. நன்றியுரைக்கு மட்டும் பவுனுவைக் கூட்டிட்டுப் போங்க."

நீதி: நல்ல காரியத்துக்கு நிதி திரட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பெரியவர் ஒருவரின் கோபத்தைத் திரட்டுங்கள். அதற்கு ரசீதுகூடப் போட வேண்டியதில்லை.